மூன்று நாள் காட்டு நடை: சுமாத்ராவின் லெயுசர் வனத்துக்குச் செல்வோர் அறிந்திருக்க வேண்டியவை

கோடை விடுமுறை நெருங்கும் காலத்தில் எமக்கு வரும் கடிதங்களின் தன்மை அண்மைக் காலமாக மாறி வருகின்றது. முன்னர் விமானச் சீட்டின் விலை, தாயகத்தில் பாதைகளின் நிலை, திருத்தலங்களில் தங்கும் வசதி என்பன பற்றியே வாசகர்கள் வினவுவர். இப்பொழுதோ ஐரோப்பாவிலும் கனடாவிலும் பிறந்து வளர்ந்த பிள்ளைகளின் விருப்பங்களைப் பெற்றோர் எமக்கு எழுதுகின்றனர். பாடசாலையில் மழைக்காடுகளைப் பற்றிப் படித்த பிள்ளை, ஒராங்குட்டானைக் கூண்டில் அல்லாமல் காட்டில் பார்க்க வேண்டும் என்று கேட்கிறது. வழிகாட்டியுடன் இரண்டு மூன்று நாட்கள் காட்டுக்குள் நடந்து, இரவில் அங்கேயே தங்கி வரும் பயணங்கள் உண்டு என்பதையும் அதுவே கண்டறிந்து சொல்கிறது.

இதனால் பெற்றோருக்கு எழும் வினாக்கள் இரண்டு. அது பாதுகாப்பானதா என்பது ஒன்று. காசு கொடாமலேயே காட்டுக்குள் தறப்பாளின் கீழ் படுத்து எழும்பியவர்கள் நாம். இப்போது காசும் கொடுத்துப் போவானேன் என்பது மற்றொன்று. முதல் வினாவுக்கு விடை சொல்வது எளிது. இரண்டாவது வினா எளிதன்று. இவ்விரண்டையும் மனத்திற் கொண்டே, நாம் சென்று வந்த ஒரு காட்டைப் பற்றி இங்கு எழுதுகிறோம்.

எங்கே இருக்கிறது இந்தக் காடு?

இந்தோனேசியாவின் சுமாத்ராத் தீவின் வட பகுதியில், ஆச்சே, வட சுமாத்ரா ஆகிய இரு மாகாணங்களிலும் பரந்து கிடக்கிறது குனுங் லெயுசர் தேசியப் பூங்கா. இதன் பரப்பு 7,900 சதுர கிலோமீற்றருக்கும் மேற்பட்டது. எமது வாசகர்களுக்கு விளங்கச் சொல்வதானால், யாழ்ப்பாண மாவட்டத்தைப் போல் ஏழு மடங்குக்கும் அதிகமானது. 1980ஆம் ஆண்டில் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட இக்காடு, 2004இல் சுமாத்ராவின் வேறு இரு பூங்காக்களுடன் சேர்த்து யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. 2011இல் ஆபத்துக்குள்ளான மரபுரிமைகளின் பட்டியலிலும் இது சேர்க்கப்பட்டது. புலி, யானை, காண்டாமிருகம், ஒராங்குட்டான் ஆகிய நான்கும் ஒரே வனத்தில் இன்னும் வாழும் இடம் உலகில் இந்த லெயுசர் வனப் பிரதேசம் ஒன்றேயாகும்.

காட்டுக்குள் செல்ல விரும்பும் பயணிகளில் பெரும்பாலோர் வந்து சேரும் வாசல், பொஹொரொக் ஆற்றங்கரையில் உள்ள புக்கிட் லாவாங் என்னும் சிற்றூர். மேடான் நகரிலிருந்து வடமேற்கே 90 கிலோமீற்றர் அளவிலான தூரம். ஆயினும் தெருவின் நிலை காரணமாக மூன்று முதல் நான்கு மணி நேரம் வரை வாகனத்தில் இருக்க வேண்டும். அந்த நேரத்தை உறங்கிக் கழிக்காமல் யன்னல் வழியே பார்த்து வருவது நன்று. பிஞ்சாய் நகரைத் தாண்டியதும் இருபுறமும் அணிவகுத்து நிற்பவை செம்பனை மரங்களே. இடையிடையே றப்பர்த் தோட்டங்கள். இங்கெல்லாம் ஒரு காலத்தில் காடே இருந்தது. அந்தக் காட்டின் எஞ்சிய பகுதியைப் பார்க்கத்தான் நாம் செல்கிறோம் என்பதைத் தெருவே உணர்த்திவிடுகிறது.

இத்தோட்டங்களின் வரலாற்றில் எம்மவருக்கும் பங்குண்டு. 1863இல் நியன்ஹுயிஸ் என்ற டச்சு வியாபாரி டெலி பகுதியில் புகையிலைப் பயிர்ச்செய்கையைத் தொடங்கியதன் பின்னர், காட்டை அழித்துத் தோட்டமாக்குவதற்குச் சீனரும் யாவா நாட்டவரும் தமிழகத்துத் தமிழரும் கூலிகளாகக் கொண்டுவரப்பட்டனர். 1880இல் இயற்றப்பட்ட கூலிச் சட்டத்தின்படி, ஒப்பந்தத்தை மீறித் தோட்டத்தை விட்டு ஓடுவது தண்டனைக்குரிய குற்றமாக இருந்தது. அத்தமிழர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் மேடானில் வாழ்கின்றனர். அவர்களுடைய குடியிருப்பு கம்போங் மெட்ராஸ் என அழைக்கப்படுகிறது. அங்குள்ள ஸ்ரீ மாரியம்மன் கோயில் 1884இல் எழுந்தது. காட்டுக்குப் போகும் முன்னர் ஒரு காலைப் பொழுதை அங்கே செலவிடுமாறு வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.

இதனினும் பழைய தொடர்பொன்றும் உண்டு. சுமாத்ராவின் மேற்குக் கரையில், பாருஸ் துறைமுகத்தை அடுத்த லோபு துவாவில், 1088ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டுக் கிடைத்திருக்கிறது. ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழுவினர் விட்டுச் சென்ற சாசனம் அது. இக்காடுகளில் விளைந்த கற்பூரம் பாருஸ் வழியாகவே கடல் கடந்தது. கப்பலைக் 'கப்பால்' என்றும், கடையைக் 'கெடை' என்றும் இந்நாட்டவர் இன்றும் சொல்வதைக் கேட்கும் பிள்ளைகள் வியப்படைவர்.

புக்கிட் லாவாங்கின் கதை

ஒராங் என்றால் மலாய் மொழியில் மனிதர். ஹுத்தான் என்றால் காடு. காட்டு மனிதர் என்று பெயர் பெற்ற இவ்விலங்குக்கு டச்சு ஆட்சிக் காலத்தில், 1931இலேயே சட்டப் பாதுகாப்பு வழங்கப்பட்டது. எனினும் குட்டிகளைச் செல்லப் பிராணிகளாக வளர்க்கும் வழக்கம் ஒழியவில்லை. தாயைக் கொல்லாமல் குட்டியைப் பிடிக்க இயலாது. ஆகவே ஒரு வீட்டு முற்றத்தில் கட்டப்பட்டிருக்கும் ஒவ்வொரு குட்டிக்குப் பின்னாலும் காட்டில் ஒரு கொலை நிகழ்ந்திருக்கிறது என்றே கொள்ள வேண்டும்.

1973ஆம் ஆண்டில் ரெஜினா பிரை, மொனிக்கா பேர்னர் என்ற சுவிற்சர்லாந்து விலங்கியலாளர் இருவர் புக்கிட் லாவாங்கில் மறுவாழ்வு நிலையம் ஒன்றை நிறுவினர். கைப்பற்றப்பட்ட ஒராங்குட்டான்களுக்கு மரமேறவும் கூடு கட்டவும் இரை தேடவும் பயிற்சி அளித்து, அவற்றைக் காட்டில் விடுவது அதன் நோக்கம். பின்வந்த ஆண்டுகளில் 200க்கும் மேற்பட்டவை இங்கு கொண்டுவரப்பட்டன. அவற்றுக்கு மேடையில் வாழைப்பழமும் பாலும் கொடுப்பதைப் பார்க்கச் சனம் கூடியது. இவ்வாறே ஊர் சுற்றுலாத் தலமாகியது.

ஆனால் மனிதரிடம் வளர்ந்த விலங்கு மனிதரின் நோய்களையும் சுமந்து வரக்கூடும். அதனை இயற்கையான ஒராங்குட்டான்கள் வாழும் காட்டிலேயே விடுவது அவற்றுக்கும் கேடாகலாம் என்று ஆய்வாளர்கள் எச்சரித்தனர். 1995இல் இந்தோனேசிய அரசும் அவ்வாறு விடுவதைத் தடை செய்தது. புக்கிட் லாவாங் புதிய விலங்குகளை ஏற்பதைக் கைவிட்டது. உணவு மேடையும் பிற்பாடு மூடப்பட்டது. இப்போது கைப்பற்றப்படும் ஒராங்குட்டான்கள் மேடானுக்கு அண்மையில் உள்ள தனிமைப்படுத்தல் நிலையத்தில் பராமரிக்கப்பட்டு, அவற்றின் இனம் அற்றுப்போன வேறு காடுகளில் விடப்படுகின்றன. ஜம்பி மாகாணத்திலும், 2011 முதல் ஆச்சேயின் ஜந்தோவிலும் இது நடைபெறுகிறது. இப்பணிக்குத் துணை நிற்கும் பன்எக்கோ நிறுவனம் சுவிற்சர்லாந்தில் இயங்குவது என்பதை அந்நாட்டு வாசகர்களின் கவனத்துக்குக் கொண்டுவருகிறோம்.

இதனை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இக்காட்டில் நீங்கள் சந்திக்கப்போகும் ஒராங்குட்டான்களில் சில, அன்று விடப்பட்டவை அல்லது அவற்றின் குட்டிகள். மனிதரைக் கண்டு ஒதுங்காதவை அவை. இதனால் விளையும் சிக்கலைப் பின்னர் கூறுவோம்.

முதல் நாள்

காலை ஒன்பது மணியளவில் ஆற்றுக்குக் குறுக்கேயுள்ள தொங்குபாலத்தைக் கடந்து நடை தொடங்குகிறது. பிரதான வழிகாட்டி முன்னே, உதவியாள் பின்னே, இடையில் பயணிகள். சமையற்காரர் அரிசி, மரக்கறி, கேத்தல், சட்டி ஆகியவற்றைச் சுமந்துகொண்டு வேறொரு வழியால் முகாமுக்குப் போய்விடுகிறார். முதல் அரை மணி நேரம் றப்பர் மரங்களுக்கிடையே செல்லும் பாதை. பின்னர் தேசியப் பூங்காவின் எல்லை. அங்கிருந்து மேலே ஒளி குறைகிறது, காற்று நின்றுவிடுகிறது, உடல் முழுவதும் வியர்வை வழியத் தொடங்குகிறது.

தொலைக்காட்சிப் படங்களைப் பார்த்துவிட்டு வருபவர்கள் முதலில் அடைவது ஏமாற்றம். விலங்குகள் வரிசையாக வந்து நிற்பதில்லை. ஒரு மணி நேரம் நடந்தும் எறும்பும் வண்ணத்துப்பூச்சியும் அன்றி வேறெதுவும் தென்படாமற் போகலாம். புலியைப் பார்க்கலாமா என்று பிள்ளைகள் கேட்பர். சுமாத்ராப் புலிகள் இத்தீவு முழுவதிலுமே சில நூறுதான் எஞ்சியுள்ளன. காண்டாமிருகங்களோ 50க்கும் குறைவு. அவற்றைக் காண்போம் என்று வாக்களிக்கும் வழிகாட்டி பொய் சொல்கிறார் என்றே கொள்க.

நடையின் கடுமையையும் குறைத்து மதிப்பிடலாகாது. இங்கு மலைகள் உயரமானவை அல்ல, ஆனால் செங்குத்தானவை. களிமண் தரையில் கால் வழுக்கும். வேர்களையும் கொடிகளையும் பற்றி ஏறவும், இறங்கும்போது சில இடங்களில் இருந்தபடியே சறுக்கவும் நேரிடும். இடைநேர ஓய்வுகளைச் சேர்த்து நாளொன்றுக்கு ஆறு ஏழு மணி நேரம் இவ்வாறு செல்ல வேண்டும். முழங்கால் நோவு உள்ளவர்கள், இருதய நோயாளர், அண்மையில் சத்திரசிகிச்சை செய்தவர்கள் ஆகியோர் மூன்று நாள் பயணத்தைத் தவிர்த்து, அரை நாள் நடையுடன் திருப்தியடைவது நல்லது. பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் பெரியவர்களைவிட இலகுவாகவே நடந்து முடித்துவிடுகின்றனர்.

முதலில் எதிர்ப்படுவது பெரும்பாலும் தோமஸ் இலைக்குரங்காக இருக்கும். சாம்பல் முதுகும் வெண்ணிற வயிறும் தலையில் கொண்டைபோல் எழுந்த மயிரும் உடைய இக்குரங்கு, வட சுமாத்ராவிலும் ஆச்சேயிலும் அன்றி உலகில் வேறெங்கும் இல்லை. வெண்கைக் கிப்பன்களின் பாடல் காலையில் மலைக்கு மலை எதிரொலிக்கும். இருவாய்ச்சிப் பறவை தலைக்கு மேலே பறக்கும்போது எழும் இறக்கையோசை, பறவை கண்ணிற் படும் முன்னரே கேட்டுவிடுகிறது.

ஒராங்குட்டானும் வாழைப்பழமும்

ஒராங்குட்டானை நாம் கண்டது பிற்பகலில். அத்தி மரமொன்றின் உச்சிக் கிளையில், தாயும் குட்டியும். வழிகாட்டி கையை உயர்த்தியதும் அனைவரும் நின்றனர். செம்பழுப்பு மயிர் வெயிலிற் பட்டு ஒளிர்ந்தது. தாய் ஒரு கிளையைத் தன் பாரத்தால் வளைத்து அடுத்த மரத்தைப் பற்றி, இரு மரங்களுக்கிடையே தன் உடலையே பாலமாக்கிக் காத்து நின்றது. குட்டி தாயின் முதுகின் மேலாக அப்பால் சென்றது. அதன் பின்னரே தாய் முதல் மரத்தை விட்டது.

ஒராங்குட்டான் தாய் ஏழு முதல் ஒன்பது ஆண்டுகளுக்கு ஒரு தடவையே குட்டி ஈனுகிறது. நிலத்தில் வாழும் பாலூட்டிகளுள் இவ்வளவு நீண்ட இடைவெளி வேறெதற்கும் இல்லை எனலாம். எந்தப் பழம் எந்தப் பருவத்தில் எங்கே பழுக்கும், எந்தப் பட்டையை உரித்துத் தின்னலாம், மாலைதோறும் புதிய கூட்டை எவ்வாறு கட்டுவது என்பவற்றைக் குட்டி ஏழெட்டு ஆண்டுகள் தாயின் அருகிலிருந்தே கற்கிறது. தாயை இழந்த குட்டி கல்வியையும் இழந்துவிடுகிறது. 2016இல் வெளியான மதிப்பீட்டின்படி சுமாத்ரா ஒராங்குட்டான்களின் தொகை ஏறத்தாழ 14,600. இவ்வளவு மெதுவாகப் பெருகும் இனம் ஆண்டுக்கு ஒரு சில தாய்மாரை இழந்தாலும் தேய்ந்துபோகும்.

இவற்றின் அறிவுக்கு ஓர் எடுத்துக்காட்டு. ஆச்சேயின் சுவாக் பலிம்பிங் சதுப்புக் காட்டில் 2022 ஜூன் மாதத்தில் ஆண் ஒராங்குட்டான் ஒன்றின் முகத்தில் காயம் ஏற்பட்டது. ராக்குஸ் என்று ஆய்வாளர்கள் பெயரிட்ட அந்த விலங்கு, 'அக்கார் கூனிங்' என்ற கொடியின் இலைகளை மென்று அதன் சாற்றைத் திரும்பத் திரும்பக் காயத்தில் தடவி, மென்ற இலையால் காயத்தை மூடியது. காயம் ஆறியது. இவ்வவதானிப்பு 2024இல் ஆய்விதழில் வெளியாயிற்று. அப்பகுதி மக்களும் இதே கொடியை மருந்தாகக் கொள்கின்றனர்.

இனிச் சிக்கலுக்கு வருவோம். நாம் நின்றிருந்த இடத்துக்குச் சற்று அப்பால் வேறொரு குழு நின்றது. அவர்களுடைய வழிகாட்டி பையிலிருந்து வாழைப்பழத்தை எடுத்துக் காட்ட, இன்னொரு பெண் ஒராங்குட்டான் நிலத்துக்கு இறங்கி வந்தது. பயணிகள் அதன் அருகே நின்று படம் பிடித்துக்கொண்டனர். இது பூங்காவின் விதிகளுக்கு மாறானது. பத்து மீற்றர் இடைவெளி பேண வேண்டும், உணவு கொடுக்கலாகாது, தொடலாகாது என்பவை விதிகள். தடிமன், காய்ச்சல் உள்ளவர் அருகே செல்லவே கூடாது. எமக்கு மூன்று நாள் தடிமனாக வந்து போவது அவ்விலங்குக்கு உயிராபத்தாகலாம். 2020இல் கொரோனாத் தொற்றின்போது பூங்காவைப் பயணிகளுக்கு மூடியதற்கு இதுவும் காரணம்.

உணவு கிடைக்கும் என்று பழகிய ஒராங்குட்டான், அது கிடைக்காதபோது சினங்கொள்ளும். பையைப் பறிக்கும், கடிக்கவும் செய்யும். முன்னர் இங்கே வழிகாட்டிகள் பலர் கடியுண்டிருக்கின்றனர். அவ்வாறு ஒன்று நெருங்கி வந்தால் ஓடலாகாது. வழிகாட்டி சொல்வதைக் கேட்டுப் பையை மார்போடு அணைத்தபடி மெல்லப் பின்வாங்க வேண்டும்.

தவறு வழிகாட்டியுடையது மட்டுமா என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். தொலைதூரத்திலிருந்து பெருந்தொகை செலவழித்து வந்த பயணி, அருகிலிருந்து படம் எடுக்க முடியாவிட்டால் முகஞ்சுளிக்கிறார், அன்பளிப்பைக் குறைக்கிறார். எம்முடன் வந்த வழிகாட்டி இதனை மறைக்காமல் கூறினார். அவருடைய தந்தையார் மரம் வெட்டுபவர். மகன் மரத்தைக் காட்டிப் பிழைக்கிறார். பழம் கொடுக்க மறுத்ததனால் சம்பளத்தில் ஒரு பகுதியை இழந்த நாட்கள் தமக்கு உண்டு என்றார் அவர்.

தறப்பாளின் கீழ்

மாலை நான்கு மணிக்குப் பின்னர் முகாம். ஆற்றங்கரை மணலில் மூங்கில் கழிகளை நட்டு, அதன் மேல் தறப்பாளை இழுத்துக் கட்டியிருப்பர். உள்ளே மெல்லிய பாய் அல்லது மெத்தை, நுளம்பு வலை. மலசலகூடம் கிடையாது, புதர்தான். குளிப்பது ஆற்றில். சவர்க்காரத்தைத் தவிர்த்துக்கொள்ள வேண்டும். உணவோ எதிர்பார்த்ததிலும் சிறப்பாக இருக்கும். சோறு, மரக்கறிக் குழம்பு, பொரித்த தெம்பே, சம்பல், அன்னாசி. காரத்துக்குப் பழகிய எம்மவருக்குக் குறையொன்றும் இராது. சைவ உணவு வேண்டுவோர் முதல் நாளே சொல்லிவிட வேண்டும். பழத்தோல்களுக்காக உடும்புகளும் குரங்குகளும் முகாமைச் சுற்றி வரும். பைகளைத் திறந்து வைக்கலாகாது.

ஆறரை மணிக்கெல்லாம் இருள் கவிந்துவிடுகிறது. அதன் பின் காடு அடங்குவதில்லை. சில்வண்டும் தவளையும் ஆறும் சேர்ந்து எழுப்பும் ஒலியில் அருகிலிருப்பவரோடு பேசவே குரலை உயர்த்த வேண்டியிருக்கும்.

இங்கு வெளிப்படையாக ஒன்றைச் சொல்ல வேண்டும். ஐரோப்பியப் பயணிக்கு இந்த இரவு ஒரு புதுமை. எம்மவரில் பலருக்கு அது அவ்வாறன்று. தறப்பாளில் மழைத்துளி விழும் ஓசை, மண்ணின் ஈரம் பாயினூடாக ஏறுவது, இருளில் பிள்ளையின் கையைத் தேடுவது ஆகியவை வன்னிக் காடுகளினூடாக இடம்பெயர்ந்தவர்களின் உடலில் பதிந்து கிடப்பவை. அவை எப்போது கிளம்பும் என்று எவராலும் சொல்ல இயலாது. எமது குழுவில் வந்த நடுத்தர வயதினர் ஒருவர், முதல் இரவு முழுவதும் படுக்காமல் அடுப்படியில் சமையற்காரருடன் அமர்ந்திருந்தார். மற்றவர்கள் அதனைக் கேலி செய்யவில்லை. சமையற்காரரும் காரணம் கேட்கவில்லை. தேநீரை மட்டும் ஊற்றிக்கொண்டிருந்தார். இரண்டாம் இரவு அவர் உறங்கினார். எல்லோருக்கும் அவ்வாறு நிகழும் என்று நாம் உறுதி கூறமாட்டோம். இத்தகைய நினைவுகளால் அல்லலுறுவோர், ஊரில் விடுதியில் தங்கியபடி பகல் நடை மட்டும் செல்லும் ஒழுங்கை வழிகாட்டியுடன் முன்கூட்டியே பேசிக்கொள்ளலாம். அதில் வெட்கப்பட ஏதுமில்லை.

இரண்டாம் மூன்றாம் நாட்கள்

இரண்டாம் நாள் நடை காட்டின் உட்பகுதிக்குச் செல்கிறது. ஆட்கள் குறைவு, எனவே அமைதி அதிகம். முதல் நாள் கண்ணிற் படாதவை இப்போது தென்படுகின்றன. பிரம்பு, தண்ணீர் தரும் கொடி, கறையான் புற்று, கிளைகளில் உலர்ந்து தொங்கும் பழைய ஒராங்குட்டான் கூடுகள். தூரத்தில் வளர்ந்த ஆணின் நீண்ட அழைப்பொலி கேட்கலாம். ஒரு கிலோமீற்றருக்கு அப்பாலும் கேட்கும் அந்த முழக்கம் முதலில் அச்சத்தைத் தரும். ஆர்கஸ் என்னும் பெரிய காட்டுப் பறவையின் குரலும் அவ்வாறே. குரல் கேட்கும், பறவை தென்படாது.

அட்டைகளைப் பற்றிப் பலரும் அஞ்சுவர். மழைக்குப் பின் அவை மிகுதியாக இருக்கும். காற்சட்டையின் நுனியை நீண்ட காலுறைக்குள் சொருகிக்கொள்வதே சிறந்த காப்பு. கடித்தால் வலி தெரியாது. குருதி உறைவதைத் தடுக்கும் பொருளை அது செலுத்துவதால் இரத்தம் சிறிது நேரம் வடியும். நகத்தால் பக்கவாட்டில் தள்ளி எடுத்துக் காயத்தைக் கழுவினால் போதும். நெருப்பால் சுட வேண்டியதில்லை.

மூன்றாம் நாள் திரும்பும் வழி ஆறுதான். லொறிச் சக்கரங்களின் உள் ரியூப்களுக்குக் காற்றடித்து, நான்கைந்தை ஒன்றாகக் கட்டித் தெப்பமாக்கி விடுகின்றனர். பொருட்களைப் பொலித்தீன் பைகளில் இறுகக் கட்டி நடுவில் வைப்பர். முன்னும் பின்னும் ஒருவர் கழியால் வழிநடத்த, மூன்று நாள் நடந்த தூரத்தைத் தெப்பம் விரைவில் கடந்துவிடுகிறது. நீந்தத் தெரியாதவர்கள் பாதுகாப்பு அங்கி வேண்டுமென்று முதலிலேயே கேட்க வேண்டும். ஆறு பெருகியிருந்தால் தெப்பத்தில் ஏற மறுப்பதற்கு உங்களுக்கு முழு உரிமை உண்டு.

இந்த ஆற்றை எளிதாக எண்ணிவிடலாகாது. 2003 நவம்பர் 2ஆம் திகதி இரவு, மேட்டு நிலத்திலிருந்து பெருமரங்களை அள்ளிக்கொண்டு வந்த வெள்ளம் புக்கிட் லாவாங்கை அடித்துச் சென்றது. 239 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் ஐவர் சுற்றுலாப் பயணிகள். மேலே நடந்த சட்டவிரோத மரவெட்டே காரணம் என்று சூழல் அமைப்புகள் குற்றஞ்சாட்டின. 2025 நவம்பர் இறுதியிலும் ஆச்சேயிலும் வட சுமாத்ராவிலும் மேற்குச் சுமாத்ராவிலும் வெள்ளமும் மண்சரிவும் நூற்றுக்கணக்கான உயிர்களைக் கொண்டுபோயின. அதே நாட்களில் இலங்கையில் டித்வா புயல் மலையகத்தைச் சரித்தது என்பதை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். காடு அழிந்த மலை நீரைத் தாங்கி நிற்பதில்லை. அதனை அறிய எம்மவருக்கு ஆய்வு நூல் தேவையில்லை.

செல்வோர் கவனத்துக்கு

காலம்: மழை ஆண்டு முழுவதும் பெய்யும். ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை மிகுதி. மே முதல் ஓகஸ்ட் வரையான காலம் ஒப்பீட்டளவில் உலர்ந்தது. புறப்படும் முன்னர் பாதைகளின் நிலையை விசாரித்தறிக.

வழிகாட்டி: இந்தோனேசிய வழிகாட்டிகள் சங்கத்தின் அனுமதிப் பத்திரம் உள்ளவரா என்று கேட்டுப் பார்க்க வேண்டும். பூங்கா அனுமதிக் கட்டணம், உணவு, தெப்பம் ஆகியவை கூறப்பட்ட தொகைக்குள் அடங்குமா என்பதையும் தெளிவாக்கிக்கொள்க. ஒரு வழிகாட்டிக்குப் பயணிகள் நால்வர் ஐவருக்கு மேற்படாமல் இருப்பது நன்று.

உடைகள்: பிடிமானமுள்ள அடியுடைய சப்பாத்து, நீண்ட மெல்லிய காற்சட்டை, நீண்ட காலுறைகள், மழையங்கி, இரவுக்கு உலர்ந்த மாற்றுடை ஒன்று, ரோச் லைட். பாரம் குறைவாக இருப்பது முக்கியம். நகைகளை வீட்டிலேயே விட்டுச் செல்க.

வைத்தியம்: புறப்படுவதற்கு ஆறு வாரங்களுக்கு முன்னரே பயண வைத்தியரிடம் தடுப்பூசிகள், மலேரியாத் தடுப்பு என்பன பற்றி ஆலோசனை பெறுக. வெப்ப நாட்டில் பிறந்தவர்கள் என்பதால் நோய் தீண்டாது என்று எம்மவர் சிலர் நம்புவது தவறு. நீண்ட காலம் வெளிநாட்டில் வாழ்ந்தவரிடம் அந்த எதிர்ப்பாற்றல் எஞ்சியிருக்காது. பயணக் காப்புறுதி மலையேற்றத்தையும் வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லும் செலவையும் உள்ளடக்குகிறதா என்பதைப் பத்திரத்தில் படித்து உறுதி செய்க.

பயணப் பத்திரங்கள்: இதனை அழுத்திச் சொல்கிறோம். ஐரோப்பிய, கனேடிய, அவுஸ்திரேலியக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் இந்தோனேசியாவில் இறங்கியதும் விசா பெறும் வசதி உண்டு. அகதிகளுக்கான பயணப் பத்திரம் வைத்திருப்போர் அவ்வசதி தமக்கும் பொருந்தும் என்று எண்ணிவிடலாகாது. தூதரகத்தில் எழுத்து மூலம் விடை பெற்ற பின்னரே விமானச் சீட்டு வாங்குக. இந்தோனேசியா 1951ஆம் ஆண்டின் அகதிகள் சமவாயத்தில் கைச்சாத்திடாத நாடு. 2016 ஜூன் மாதத்தில், பெண்களும் குழந்தைகளும் உட்பட 44 தமிழர்களை ஏற்றிவந்த படகு ஆச்சேயின் லொக்ங்கா கரையில் ஒதுங்கியபோது, பல நாட்கள் அவர்கள் கரையிறங்க அனுமதிக்கப்படவில்லை. அதே தீவுக்குத்தான் நாம் உல்லாசப் பயணிகளாகச் செல்கிறோம். தஞ்சக் கோரிக்கை இன்னும் முடிவாகாதவர்கள் தாம் வாழும் நாட்டை விட்டு வெளியேறுவது வழக்கையே பாதிக்கும். அவர்கள் சட்டத்தரணியைக் கேளாமல் எந்தப் பயணத்துக்கும் ஆயத்தமாகலாகாது.

போவானேன் என்ற வினா

1911இல் வர்த்தக ரீதியாகச் செம்பனை நடப்பட்ட தீவு இது. அன்று முதல் காடு பின்வாங்கிக்கொண்டே வருகிறது. இந்தோனேசியாவே இன்று உலகில் மிக அதிகமாகச் செம்பனை எண்ணெய் உற்பத்தி செய்யும் நாடு. நாம் அன்றாடம் வாங்கும் பிஸ்கற்றிலும் சவர்க்காரத்திலும் அவ்வெண்ணெய் கலந்திருக்கிறது. ஆகவே இக்காட்டுடன் எமக்குள்ள தொடர்பு அங்கு சென்றால்தான் உண்டாகும் என்பதன்று. அது ஏற்கெனவே சமையலறையில் இருக்கிறது. புக்கிட் லாவாங்கில் ஒரு குடும்பம் காட்டைக் காட்டி நேர்மையாகப் பிழைக்க முடிந்தால், அக்காட்டை வெட்டாமல் விடுவதற்கு ஒரு காரணம் கிடைக்கிறது. பயணியின் பணத்தால் விளையும் நன்மை இதுவே. ஆனால் அதே பணம் வாழைப்பழத்துக்குப் போனால் நன்மை தீமையாகிவிடுகிறது.

எம்மவரின் இரண்டாவது வினாவுக்கு இதனையே விடையாகக் கூறுவோம். அன்று நாம் காட்டுக்குள் போனது வேறு வழியின்றி. இன்று போவதா வேண்டாமா என்பதை நாமே தீர்மானிக்கலாம். விரும்பும் நேரத்தில் வெளியே வரலாம். காடு என்றால் பெற்றோர் ஓடி ஒளிந்த இடம் என்று மட்டுமே கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு, அது ஒரு தாய் தன் உடலைப் பாலமாக்கிக் குட்டியைக் கடத்தும் இடம் என்பதையும் காட்டலாம். போக இயலாதவர்கள் போகாமலே இதனைப் பிள்ளைகளுக்குச் சொல்லலாம். போகிறவர்களிடம் எமது வேண்டுகோள் ஒன்றுதான்: வழிகாட்டியைத் தெரிவு செய்யும்போது, ஒராங்குட்டானுக்குப் பழம் கொடுப்பீர்களா என்று முதலிற் கேளுங்கள். இல்லை என்று சொல்பவருடன் செல்லுங்கள். தூரத்திலிருந்து மட்டுமே பார்க்க முடிந்தாலும், பேசிய தொகையை அவருக்குக் குறைக்காமற் கொடுங்கள்.